எல்லுக்கு லாகூர், கேக்குக் கராச்சி

"லாகூர்… கராச்சி… லாகூர்… கராச்சி…"

சாத்தியிருந்த உள்ளறைக் கதவைத் தாண்டி அந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் கூடத்துக்கு வந்துகொண்டே இருந்தன. பஞ்சாபகேசன் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். மே மாதத்துப் பம்பாயில், மாட்டுங்காவில், காற்று ஒரு இலையைக்கூட அசைக்காத மத்தியானத்தில், ஜன்னலைச் சாத்துகிறவனைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பைத்தியக்காரனை யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவதில்லை.

ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது. போன வருஷம் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஊரே ஒட்டிய காகிதம். சண்டை முடிந்ததும் பில்டிங்கில் எல்லோரும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பஞ்சாபகேசன் மட்டும் எடுக்கவில்லை. மறுபடியும் வந்தால் என்ன செய்வது?

பாவம், அவர் அப்படிப்பட்ட மனிதர். பாலக்காட்டிலிருந்து ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிபிகேட்டோடு ரயிலேறி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் அவரைப் பயமுறுத்தாத பொருள் எதுவும் இல்லை. ஓடுகிற லோக்கல் ரயிலில் தொங்கப் பயம். மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டால் அதைவிடப் பயம். ராணுவக் கணக்கு ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். தபாலில் நீளமான பழுப்புக் கவர் வந்தால், பிரிப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் பாகீரதியைக் கொண்டுவந்து சேர்த்தான் பாருங்கள், அதைத்தான் விளையாட்டு என்பது.

அவளை அவர் பார்ப்பதற்கு முன்னால் கேட்டிருந்தார். அப்பாவுக்குச் சீரியஸ் என்று தந்தி வந்த அன்று, பாலக்காட்டுக்கு டிரங்கால் போட்டுவிட்டு, தபாலாபீஸ் பூத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார். மறுமுனையில் இருந்த ஆபரேட்டர் அவர் குரலில் இருந்த அழுகையைக் கேட்டுவிட்டு, "பதறாதேங்கோ, லைன் கிடைக்கிற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று தமிழில் சொன்னாள். லைன் கிடைத்தது. அப்பாவின் குரலைக் கடைசித் தடவையாகக் கேட்கவும் முடிந்தது. அந்த ஆபரேட்டர்தான் பாகீரதி. பிறகு ஜாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தாலும் பஞ்சாபகேசன் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசியிருப்பார்.

குழந்தை பிறக்கவில்லை. அந்த வெறுமையை அவர் கோவிலில் கொண்டுபோய்க் கொட்டினார். அவள் ரேடியோவில் கொட்டினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாரம் முழுக்க மற்றவர்களின் குரல்களை இணைத்துக் கொடுத்தவளுக்குத் தன் குரலையும் ஆகாசத்தில் அனுப்ப ஆசை வந்தது. பரீட்சை எழுதினாள், சர்க்கார் லைசென்ஸ் வாங்கினாள். பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் கிடந்த, பழைய யுத்த விமானத்திலிருந்து கழற்றிய ஒயர்லெஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தானே பிரித்துப் பூட்டினாள். மொட்டைமாடியில் அலுமினியக் குச்சிகளால் ஒரு ஏரியல் நிறுத்தினாள். பில்டிங் குழந்தைகள் அதற்கு மீன்முள் என்று பெயர் வைத்தன.

அன்றைக்குப் போட்டி. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு வரிசை எண்ணைச் சொல்லிப் பரிமாறிக்கொண்டால் ஒரு தொடர்பு. எவ்வளவு தூரத்து ஆளோ, அவ்வளவு மார்க். ஆனால் இந்த அலை ரேடியோவின் சிற்றலையைவிடக் குட்டை; வெளிச்சம் மாதிரி நேராகப் போகிற ஜாதி, மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். பூனாவைப் பிடித்தாலே பெரிய காரியம். கொலாபாவில் உயரமான கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு கப்பல் கம்பெனிக்காரர்தான் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தார். பாகீரதி ஒவ்வொரு வருஷமும் அடுத்த இடம். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் போட்டி முடிந்த ராத்திரிகளில் அவள் சாப்பிடாமல் படுத்துவிடுவது அவருக்குத் தெரியும்.

அந்த ஊர்ப் பெயர்களின் கதை இதுதான். லைசென்ஸில் அவளுக்குக் கொடுத்த குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்து எல், கே. இரைச்சலில் எழுத்துகள் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பாகீரதி எக்ஸ்சேஞ்சின் டிரங்க் போர்டில் உட்கார்ந்தது நாடு பிரிவதற்கு முன்னால். எல்லுக்கு லாகூர், கேக்குக் கராச்சி என்றுதான் அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரிந்த பிறகு அவற்றை மாற்றினார்கள். ஆபீஸில் அவளும் லக்னோ, கான்பூர் என்றே சொன்னாள். ஆனால் ரேடியோவில் இரைச்சலைத் தாண்டிக் கூவ வேண்டி வரும்போது நாக்கு பழைய இடத்துக்கே ஓடியது. லக்னோ இரைச்சலில் கரைந்துபோகிறது, லாகூர் கரைவதில்லை என்பாள். கராச்சியில் இருக்கிற அந்தச் 'ச்சி' ஆணி மாதிரி இறங்கும் என்பாள்.

பஞ்சாபகேசன் கெஞ்சிப் பார்த்துவிட்டார். லண்டன் என்று சொல்லேன், கல்யாணி என்று சொல்லேன் என்று. அவள் சரி என்பாள். போட்டி சூடு பிடித்ததும் மறுபடி லாகூர்தான்.

அவர் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இருட்டடிப்பு நாட்களில், தாராவியிலிருந்து தைத்த ரவிக்கைகளைக் கொண்டுவந்த தையல்காரர் நாகூர் மீரான், வீட்டு எண் தெரியாமல் இந்தப் பில்டிங் மாடிப்படியில் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். அவ்வளவுதான். விமானத்துக்கு ஜாடை காட்டுகிறான் என்று யாரோ கத்த, எங்கிருந்தோ வந்த கூட்டம் அவரை அடிக்க ஆரம்பித்தது. நான் தையல்காரன், நான் தையல்காரன் என்று அந்த மனிதர் தமிழிலும் ஹிந்தியிலும் கதறியதைப் பஞ்சாபகேசன் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நெல்லைச் சீமைத் தமிழ் பேசுகிற தையல்காரருக்கே அந்தக் கதி. அப்படியிருக்க, ஒயர்லெஸ் பெட்டியில் எதிரி நாட்டு ஊர்ப் பெயரைக் கூவுகிற பெண்பிள்ளைக்கு?

அதை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் வாசல் கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டுச் சந்திரமௌலி. ரயில்வேயில் ரிடையரானவர், பில்டிங் சங்கத்துக்குச் செகரட்டரி. யுத்தத்தின்போது இருட்டடிப்பு வார்டனாகக் கையில் பட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். பட்டையை அவிழ்த்துவிட்டாரே தவிர, அந்த நடை இன்னும் அவரை விடவில்லை.

"என்னடா பஞ்சு, இந்த வெக்கையிலே ஜன்னலைச் சாத்திண்டு உக்காந்திருக்கே?"

"தூசி வரது, மாமா. வாங்கோ, உக்காருங்கோ."

"தூசி உள்ளே வராம இருக்கவா, சத்தம் வெளியே போகாம இருக்கவா?"

பஞ்சாபகேசன் சிரிக்க முயன்றார். உதடு ஒரு பக்கம் மட்டும் போயிற்று. மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சந்திரமௌலி மோரைக் குடித்துக்கொண்டே நிதானமாக விஷயத்துக்கு வந்தார். பில்டிங்கில் பேச்சு கிளம்பிவிட்டதாம். ரேஷன் க்யூவில் பேசுகிறார்களாம். ஒரு பொம்மனாட்டி ஞாயிற்றுக்கிழமை பூராவும் லாகூரையும் கராச்சியையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், செகரட்டரி என்ன செய்கிறார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்களாம். சி.ஐ.டி.க்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் நிற்கிறார்களாம். தான்தான் பொறுங்கள், முதலில் என் காதால் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பஞ்சாபகேசன் எழுத்துக் கதையைச் சொன்னார். லைசென்ஸ் இருக்கிறது என்றார். சொல்லச் சொல்ல, உண்மையே பொய் மாதிரி அவர் காதுக்கே கேட்டது.

உள்ளே பாகீரதி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க ஹெட்போன் மாட்டிக் காது நொந்தவள் என்பதால் வீட்டில் மாட்ட மாட்டாள், ஒலிபெருக்கியில்தான் கேட்பாள். அதன் கரகரப்பு கதவின் கீழ்ச்சந்து வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

சந்திரமௌலி கொஞ்சம் இளகினார். வேடிக்கையாகவே சொன்னார்: "ஏண்டா, உன் ஆம்படையா இப்படிக் கராச்சியைக் கூப்பிட்டுண்டே இருக்காளே. என்னிக்காவது அவன் 'என்ன வேணும்'னு கேட்டுட்டா என்ன பண்ணுவே?"

கரகரப்பு சட்டென்று நின்றது.

ஒரு ஆணின் குரல். பூனாக்காரர்களின் குரல் மாதிரி அமுங்கியதல்ல, அடுத்த அறையில் நின்று பேசுவதுபோலத் தெளிவான குரல். அதில் ஒரு சொல் கூடத்தில் இருந்த இருவருக்கும் நன்றாகவே கேட்டது. கராச்சி.

பாகீரதி பதில் சொல்லவில்லை. போட்டி நேரத்தில் அவள் பதில் சொல்லாமல் இருந்ததைப் பஞ்சாபகேசன் என்றைக்கும் கேட்டதில்லை.

கதவு திறந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி பாகீரதி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியில் யார் இருக்கிறார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"ஏன்னா… கராச்சி."

"கேதானே?" என்றார் அவர். அப்படி இருக்க வேண்டுமே என்று கடவுளை வேண்டிக்கொண்டே கேட்டார்.

"எழுத்து இல்லேன்னா. ஊர்."

சந்திரமௌலியின் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

எப்படி முடியும் என்று பஞ்சாபகேசனுக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். இப்படிக் காற்றே இல்லாத கோடை நாளில் சூடான காற்று கடலின்மேல் மூடி மாதிரி படிந்துவிடுமாம். அதன் அடியில் அலை குழாயில் போகிற தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு கரையிலிருந்து கரைக்குப் போய்விடுமாம். புஸ்தகத்தில் படித்திருக்கிறாள், காதால் கேட்டது இன்றைக்குத்தான். இடையில் மலை ஏதும் இல்லை. பம்பாய்க்கும் கராச்சிக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

குரல் மறுபடி வந்தது. இங்கிலீஷில் பேசினான். இளம் குரல், தணிந்த குரல். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயந்து பேசுகிறவனின் குரல் என்று பஞ்சாபகேசனுக்குத் தோன்றியது. அந்த ஜாதிக் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவன் சொன்னது இது: அம்மா, நீங்கள் வெகுநேரமாகக் கூப்பிடுவது இங்கே வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. நான் அது எழுத்து என்றுதான் நினைக்கிறேன். என் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஒரு பெண் லாகூரையும் கராச்சியையும் பெயர் சொல்லி ஏன் கூப்பிடுகிறாள், எங்கே குண்டு போடப்போகிறார்கள் என்று என் அம்மா அழுகிறாள். பெட்டியை உடைத்துவிடு என்கிறார் அப்பா. தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

"ஸ்விட்சை அணைடா, பஞ்சு," என்றார் சந்திரமௌலி. "முதல்லே மெயினை அணை. அவ பதில் சொன்னா, நீயும் போனே, நானும் போனேன்."

மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்கு மேலே மரப்பலகையில் இருந்தது. பஞ்சாபகேசன் எப்போது எழுந்து அங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. கை பிடியின்மேல் இருந்தது. ஒரு இழுப்பு. பெட்டி செத்துப்போகும், குரல் செத்துப்போகும், நாளைக்கு ஆபீஸ் இருக்கும், சம்பளம் இருக்கும், பாகீரதி இருப்பாள். பதில் சொல்லலாமா கூடாதா என்று எந்தக் காகிதத்திலும் அவர் படித்ததில்லை. எழுதாத குற்றத்துக்குத்தான் தண்டனை அதிகம் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும்.

பாகீரதி அவரையே பார்த்தாள். அணைக்காதேங்கோ என்று அந்தக் கண்கள் சொல்லவில்லை. அவர் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று சொன்னதுதான் அவர் நெஞ்சைப் பிளந்தது.

ஒலிபெருக்கியில் அந்தப் பையன் மறுபடி, "அம்மா, இருக்கிறீர்களா?" என்றான். அவனுக்குப் பின்னால் வயதான ஒரு பெண் விம்முவது, கடலைத் தாண்டி, மாட்டுங்காக் கூடத்தில் கேட்டது.

பஞ்சாபகேசன் கையை எடுத்தார்.

"மாமா, அவாளும் பயந்துண்டிருக்கா," என்றார். "சொல்லிடட்டும். ஒரு வார்த்தைதான்." பிறகு மனைவியிடம் திரும்பினார். "கதவைத் திறந்தே வெச்சுக்கோ, பாகீ. மாமா கேக்கட்டும்."

பாகீரதி உட்கார்ந்தாள். மைக்கின் பொத்தானை அமுக்கியபோது அவள் குரல் போட்டிக் குரலாக இல்லை. என்றைக்கோ ஒரு நாள், பூத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் பேசிய குரலாக இருந்தது. தான் பம்பாயில் ஒரு டிரங்க் ஆபரேட்டர் என்றாள். எல்லும் கேயும் தன் பெயர்போல உள்ள எழுத்துகள் என்றாள். இரண்டு தேசமும் ஒரே போர்டில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட சொற்கள், நாக்கு மறக்க மாட்டேன் என்கிறது, மன்னிக்க வேண்டும் என்றாள். வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், நான் எந்த ஊரையும் கூப்பிடவில்லை என்றாள். கடைசியில் அந்த அம்மாளுக்காக அதையே ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னாள்.

பிறகு அவன் நன்றி சொன்னான். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்றான். தயங்கிவிட்டு, நீங்கள் போட்டியில் இருப்பது போலிருக்கிறதே, உங்களுக்கு என் வரிசை எண் வேண்டுமா என்று கேட்டான்.

அந்த எண் ஒன்று போதும். கொலாபாக்காரர் பல வருஷம் கூவினாலும் எட்ட முடியாத தூரம். பஞ்சாபகேசன் மனைவியின் முதுகைப் பார்த்தார். அது ஒரு தடவை குலுங்கியது.

"வேண்டாம்," என்றாள் பாகீரதி. "பத்திரமாக இருங்கள்."

பொத்தானை விட்டாள். செட்டை அணைத்தாள். ரீங்காரம் மெல்லத் தேய்ந்து நின்றது. போட்டி முடிய இன்னும் நேரம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

சந்திரமௌலி எழுந்தார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். செருப்பைத் தேடிய கால் தடுமாறியது. அப்போதுதான் பஞ்சாபகேசன் கவனித்தார். வார்டன் நடை போன இடம் தெரியவில்லை. கிழவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் நம்பறேன்டா, பஞ்சு. சத்தியமா நம்பறேன். ஆனா நம்பறது வேற, பயம் வேற. ஜன்னலைச் சாத்தினா கீழே கேக்காதுன்னு நினைச்சியா? அவன் பேசினது மூணு மாடிக்கும் கேட்டிருக்கும். நான் இங்கே உக்காந்து மோர் குடிச்சிண்டு சும்மா இருந்தேன்னு எவனாவது சொன்னா, டாக்யார்டிலே இருக்கிற என் பிள்ளை வேலை போயிடும்."

பஞ்சாபகேசன் குனிந்து, உருண்டு கிடந்த டம்ளரை எடுத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் ஸ்டேஷன்லே சொல்லத்தான் வேணும். அதுக்குள்ளே நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ. நீங்க சொன்னா அது தகவல். நான் சொன்னா அது புகார். என்னாலே முடிஞ்சது அவ்வளவுதான்."

ஸ்டேஷன் வாசல், பெஞ்சு, கேள்விமேல் கேள்வி, ஆபீஸுக்குப் போகும் பழுப்புக் கவர் எல்லாம் பஞ்சாபகேசனின் கண்முன்னால் வந்துவிட்டுப் போயின. அந்தப் பெட்டி இனி இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் திருப்பி அனுப்புவார்களா என்பது மட்டும் தெரியவில்லை.

"கார்த்தாலயே போறோம், மாமா," என்றார். "நானும் அவளும். நான்தான் ஸ்விட்சை அணைக்காம விட்டேன்னு நானே சொல்லிடறேன்."

சந்திரமௌலி அவர் தோளைத் தொட வந்தார். வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழ்த்தட்டில் யாரோ அவரை நிறுத்தி ஏதோ கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பது மேலே கேட்கவில்லை.

பஞ்சாபகேசன் கதவைச் சாத்தினார்.